ஒரே பாடத்து மார்க்கில் ரேங்க் போடலாமா?



ஒரு ஜூல் மின்னாற்றலில் எத்தனை பிட் தகவல் போகிறது? செல்போன் நெட்வொர்க்கின் மின்சிக்கனத்தைப் பெரும்பாலும் இப்படித்தான் அளக்கிறார்கள். இதை மட்டும் பார்த்தால் நகரத்து டவருக்கு முதல் ரேங்க். மலைக்கிராமத்து டவர் ஃபெயில். யாரும் பேசாத நேரத்திலும் டவர் மின்சாரம் இழுக்கும். ஆள் குறைந்த ஊரில் பிட்டுக்கான செலவு கூடத்தானே செய்யும்?

ஐரோப்பியத் தர நிறுவனமான எட்சியின் 'இஎஸ் 203 228' இன்னோர் அளவும் தருகிறது: செலவான ஆற்றலுக்கு எத்தனை சதுர மீட்டர் பரப்பில் சிக்னல் கிடைக்கிறது?

இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. 108-ஐ அழைக்கும் ஒரு நிமிடப் பேச்சில் பிட் கொஞ்சம்தான், காப்பது உயிரை.

டெலிகாம் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் என்ன சொல்கிறீர்கள்?