நயம் எழுதத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியாது

சாதாரண தரத்தில் 'தமிழ் இலக்கிய நயம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை எடுக்கிற ஒரு பிள்ளையிடம், "உனக்கு இந்தக் கவிதை பிடிச்சதோ?" என்று கேட்டுப் பாருங்கோ. கொஞ்ச நேரம் முழிக்கும். பிறகு உவமை, சந்தம், சொல்லாட்சி என்று ரியூட்டரியில் தந்த நோட்ஸை ஒப்புவிக்கும். பிடித்ததா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் வராது. அதை இதுவரை ஒருத்தரும் அந்தப் பிள்ளையிடம் கேட்டதில்லை.

நயத்தல் என்றால் புகழ்தல் என்று ஆக்கிப்போட்டம். புத்தகத்தில் உள்ளதெல்லாம் சிறப்பு. பிள்ளையின் வேலை அந்தச் சிறப்பை அடுக்குவது மட்டும்தான்.

சிலப்பதிகாரத்தையே எடுப்பம். அரசன் செய்த பிழைக்கு மதுரை எரிகிறது. முதியோர், குழந்தைகள், பசுக்கள் என்று சிலரை விட்டுவிட்டுத் தீயவர்களை மட்டும் பிடிக்கச் சொல்லிக் கண்ணகி நெருப்புக்குச் சொல்கிறாள். அரசன் பிழை விட்டால் ஊர் ஏன் எரிய வேணும்? அவள் விடச் சொன்னவர்களில் ஆர் ஆர் இல்லை? தீயவர் ஆர் என்று நெருப்புக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் இதைக் கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் கிடைக்கும்? "கற்பின் திறம் எண்டு எழுது, புள்ளி வரும்."

1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். வருசா வருசம் ஜூன் மாதம் பிறக்க அந்தப் படத்தை முகநூலில் போடுகிறம். எரிந்த ஊரின் பிள்ளைகளுக்கே ஓர் ஊர் எரிகிற கதையில் கேள்வி வராவிட்டால், வேற ஆருக்கு வரும்?

வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் எங்கட வரலாறு காணாது என்று கோபப்படுகிறம். நியாயமான கோபம். ஆனால் நாளைக்கே நாங்கள் கேட்ட மாதிரி ஒரு புத்தகம் அச்சாகி வந்தால் என்ன செய்வம்? அதையும் பாடமாக்கத்தான் குடுப்பம். அவர்கள் எழுதினதைக் கேள்வி கேட்க வேணும், எங்கட ஆக்கள் எழுதினதைக் கேட்கக்கூடாது என்றால், அதற்குப் பெயர் விமர்சனம் இல்லை. கட்சி கட்டுறது.

"சிலபஸ் முடிக்கவே நேரம் காணாது" என்று ஆசிரியர்கள் சொல்லுவார்கள். உண்மைதான். புள்ளித் திட்டமும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் ஒரு பாடவேளையில் பத்து நிமிசம் போதும். மூன்றே மூன்று கேள்வி: இந்தக் கதையைச் சொல்லுறது ஆர்? இதில் பேச இடம் கிடைக்காதது ஆருக்கு? நீ உடன்படாத இடம் எது, அந்த வரியைக் காட்டு.

அந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'எனக்குப் பிடிக்கேல்லை' என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. வரியைக் காட்ட வேணுமென்றால் திரும்ப வாசிக்க வேணும். நோட்ஸை இல்லை, புத்தகத்தை.

அப்படிக் கேட்கிற பிள்ளை நாளைக்குப் பேப்பரையும் கேட்கும், மேடையில் பேசுகிறவரையும் கேட்கும், வீட்டில் எங்களையும் கேட்கும். எங்களுக்குப் பயம் அதுதானோ?