லிட்டருக்கு 20

எங்கள் மாப்பிள்ளை போன வருஷம் பெட்ரோல் கார் வாங்கினார். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று ஷோரூமில் சொன்னார்கள். சுத்துக்கேணியிலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறார். சும்மா இருக்கிற நான் ஒரு நோட்டுப் போட்டு, டேங்க் ரொப்பும்போதெல்லாம் கணக்கு எழுதினேன். மூன்று மாதமாகியும் 15-ஐத் தாண்டவில்லை. "பொய் சொல்லிட்டாங்க மாமா" என்றார். பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை.

அந்த 20 ரோட்டில் ஓட்டிச் சொன்னதல்ல. புனே, மானேசர், நம் பக்கத்து ஒரகடம் போன்ற இடங்களில் இதற்கென்று சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. காரை உருளைகள்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். மொத்தம் 1180 வினாடி, அதாவது இருபது நிமிஷம்கூட இல்லை. உச்ச வேகம் 90. ஏசி அணைந்திருக்கும். புகைக்குழாயில் வருவதைக் காற்றோடு கலந்து பைகளில் பிடித்து, கரியமில வாயு எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று அளப்பார்கள். உள்ளே போன பெட்ரோலில் இருந்த கரி புகையாக வெளியே வந்துதானே ஆகவேண்டும்? அதை வைத்துப் பின்னோக்கிப் போடும் கணக்குதான் மைலேஜ். எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது.

நம் ரோட்டில் ரயில்வே கேட் உண்டு, கரும்பு டிராக்டர் உண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை கியர் மாற்றவேண்டும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாமல் யார் போவார்கள்?

தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் கொஞ்சம் மலிவு என்பதால் நாம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் கவலை பணம் மட்டுமல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். லிட்டருக்கு 20 ஓடினால் கிலோமீட்டருக்கு 115 கிராம், 15 ஓடினால் 153. ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி சுமார் 113 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்று 2022-23 முதல் விதி இருக்கிறது. அதற்கு முன் 130. அந்தச் சராசரியையும் உருளைமேல் வந்த எண்ணை வைத்துத்தான் போடுகிறார்கள். எங்கள் தெருவில் கூடுதலாக வரும் 38 கிராம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சோதனைக்கூடமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டு காரை ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும். ஆனால் கூடவே ரோட்டு எண்ணும் வேண்டும். 2023 ஏப்ரலில் ரோட்டில் ஓட்டி அளக்கும் சோதனையும் வந்தது. அதில் வரம்பு நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் போன்றவற்றுக்குத்தான். நாம் எடுக்கும் புகைச் சான்றிலும் கரியமில வாயுவுக்கு வரம்பு கிடையாது.

ஐரோப்பாவில் 2021 முதல் புதுக் கார்கள் தாங்கள் குடித்த எரிபொருளைத் தாமே பதிந்து வைக்கவேண்டும். அதைத் திரட்டிப் பார்த்ததில், பெட்ரோல், டீசல் கார்கள் கூடத்தில் காட்டியதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன என்று 2024-இல் வெளியிட்டார்கள். சார்ஜும் போட்டு பெட்ரோலும் ஊற்றும் ஹைபிரிட் கார்களில் மூன்றரை மடங்கு!

அதையே இங்கும் செய்யலாம். மாப்பிள்ளை காரின் டேஷ்போர்டே சராசரி மைலேஜைக் காட்டுகிறது. புகைச் சான்று எடுக்கும்போது அதையும் குறித்துக்கொண்டு, வண்டி எண் இல்லாமல், மாடல்வாரியாக அரசு வெளியிட்டால் போதும். ஓட்டுகிறவரைப் பொறுத்து மாறும் என்பார்கள். ஒருவர் கணக்கு மாறும்தான், பத்தாயிரம் பேரின் சராசரியுமா மாறும்?

உங்கள் வீட்டுக் காருக்கு எவ்வளவு கிடைக்கிறது? டேங்க் ரொப்பிக் கணக்குப் பார்த்தவர்கள், ஏசி போட்டா போடாமலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.