டி.வி. சத்தமும் பேரன் காதும்

போன வருடம் வரைக்கும் எங்கள் வீட்டு டி.வி.யில் சத்தம் 38-இல் இருந்தால்தான் எனக்குத் திருப்தி. என் மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "சார், நேத்து ராத்திரி செய்தி பூரா எங்க வீட்டுலயே கேட்டுட்டோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். சிரிப்பில் இருந்த குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 38-இல் வைத்தும் செய்தி வாசிக்கிறவர் என்ன சொல்கிறார் என்பது பாதிதான் புரிந்தது. சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை. என் வயதுக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

பெங்களூரில் இருக்கும் என் பையனிடம் இதைச் சொன்னது என் தப்பு. அடுத்த முறை வரும்போது ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான். ஹோம் தியேட்டராம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தரையில் வைக்க ஒரு பெட்டி. நங்கநல்லூரில் எங்கள் ஃபிளாட்டின் ஹால் 14 அடிக்கு 11 அடி. அதில் ஒரு சோபா, என் சாய்வு நாற்காலி, ஷெல்ஃப், துணி காயவைக்கும் ஸ்டாண்ட் எல்லாம் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே ஆளுயரக் கம்பிக் கால்களில் இரண்டு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, "இப்ப பாருங்கப்பா" என்று ஒரு சண்டைப் படத்தைப் போட்டான். அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. வசனம் மட்டும் வழக்கம்போல.

மகள் வேலைக்குப் போகும்போது பேரனை எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. எதைப் பிடித்தாவது எதன் மேலாவது ஏற வேண்டும் என்கிற வயது. மூன்றாம் நாள் காலையில் பின்பக்க ஸ்பீக்கர் ஸ்டாண்டைப் பிடித்துத் தொங்கினான். அது சாய்ந்தது. அவன் இந்தப் பக்கம் விழுந்தான், ஸ்பீக்கர் அந்தப் பக்கம் விழுந்தது. தரையில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டது. அந்த விரிசல் இன்னும் இருக்கிறது, வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. அவன் அழக்கூட இல்லை. என் மனைவிதான் அவனை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அழுதாள். அன்று மாலையே எல்லாம் பரண் ஏறிவிட்டது. பையனுக்கு வருத்தம்தான். பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தருவதை வேண்டாம் என்று சொல்ல நம் தலைமுறைக்கு வாய் வருவதில்லை. சொல்லப் பழக வேண்டும் என்பது என் கட்சி.

பிறகுதான் நான் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். முப்பத்தாறு வருடம் தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவன், முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். டெசிபல் என்கிற அளவே தொலைபேசிக் கம்பியில் ஒலி எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் பார்க்கப் பிறந்ததுதான். கிரஹாம் பெல் பெயரில் வந்தது. அந்தக் காலத்துத் தொலைபேசியில் நாங்கள் அனுப்பியது 300-இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும்தான். இடி முழக்கம் அதில் வராது. ஆனால் டெல்லியில் பேசுகிறவர் சொல்வது மெட்ராஸில் புரிந்தது. பேச்சு புரிவதற்குத் தரை அதிர வேண்டாம் என்று எனக்கு அப்போதே தெரியும். டி.வி. விஷயத்தில் மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

காது டாக்டரிடம் போனபோது அவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். பேச்சொலிகள் இருக்கும் இடம் அதில் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கிறது. என்னுடைய கோடு அந்தப் பழத்தின் வலது பக்கத்தில் சரிந்து கீழே இறங்கிவிட்டது. அதாவது மேல் ஸ்தாயி ஒலிகள் எனக்குக் குறைந்துவிட்டன. வயதானால் முதலில் போவது அதுதான். உயிரெழுத்துகள் கீழ் ஸ்தாயியில் பலமாக ஒலிக்கும். ச, த, ப, க போன்றவற்றின் கூர்மை மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் சொன்னது கல்லா, பல்லா, சொல்லா என்று தெரியாது. 'அ'வும் 'ஒ'வும்தான் மிஞ்சும். இதற்காக நாம் சத்தத்தை ஏற்றினால் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த 'டம் டம்' இன்னும் பெரிதாகிறது, கேட்காதது கேட்காமலே இருக்கிறது.

இதில் டி.வி.யின் பங்கும் உண்டு. என்பதுகளில் எங்கள் வீட்டில் ஒரு டயனோரா இருந்தது. மரப்பெட்டி. திரைக்குப் பக்கத்திலேயே, நம் முகத்தைப் பார்த்தபடி ஸ்பீக்கர். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வந்தால் வாசல் வரை உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் பாட்டு வரிகள் புரியும். இப்போதைய டி.வி. சப்பாத்தி மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கர் அடியில் தரையைப் பார்த்தோ, முதுகில் சுவரைப் பார்த்தோ இருக்கும். செய்தி வாசிப்பவர் சுவரிடம் சொல்கிறார், சுவர் நம்மிடம் சொல்கிறது.

ஆகவே, சின்னதாக, நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரு சவுண்ட்பார் போதும் என்று முடிவு செய்து ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப்பையன் நல்ல பையன்தான். ஆனால் வாய் திறந்தால் வாட்ஸ். முந்நூறு வாட்ஸ், நானூறு வாட்ஸ். சப்வூஃபர் வைத்த ஒன்றைப் போட்டுக் காட்டினான். கார் வெடித்தது, என் பனியன் ஆடியது. "தம்பி, இதெல்லாம் இருக்கட்டும், திருவிளையாடல்ல தருமி வர்ற கட்டத்தப் போடு. சத்தத்த பாதியாக் குறை" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டான். 1965-இல் வந்த படம். மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தை வைத்துச் சோதித்தால் ஏமாந்துவிடுவோம் என்று பிறகு உறைத்ததால், அன்றைய செய்தியையும் போடச் சொன்னேன். பத்தடி தள்ளி நின்று கேட்டேன். சப்வூஃபர் வைத்ததில் செய்தி வாசிப்பவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டடி நீளத்தில் தனியாக இருந்த ஒரு பாரில் பேச்சு பளிச்சென்று வந்தது. குரலுக்கென்று அதன் நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கிறதாம். 6,500 ரூபாய். அதைத்தான் வாங்கினேன்.

சப்வூஃபரைத் தவிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் நண்பர் வீட்டில் ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டியில் காற்று வந்து போக ஒரு ஓட்டை இருக்கும். திடீரென்று கரகரப்பு வருகிறது என்று கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு ஸ்பூன், இரண்டு பத்து ரூபாய்க் காசு, பாதி பிஸ்கெட், காணாமல் போன வீட்டுச் சாவி. பேத்தி உண்டியல் என்று நினைத்திருக்கிறாள். தரையில் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அதிர்வு கீழ் வீட்டுக் கூரை வழியாக இறங்கும் என்பது தனி. எங்கள் கீழ் வீட்டுக்காரர் ஏற்கெனவே செய்தி கேட்கிறார்.

மாட்டியது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.வி.க்குக் கீழே சுவரில் இரண்டு ஸ்க்ரூ போட்டு, பேரனின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியாயிற்று. டி.வி.யும் மேஜையிலிருந்து சுவருக்குப் போய்விட்டது. அதையும் பிடித்து இழுக்கும் பிள்ளைகள் உண்டு. ஒயரெல்லாம் வெள்ளை கேசிங்குக்குள். டி.வி.யின் பின்னால் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரே ஒரு கேபிள் போதும். டி.வி. ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் சத்தத்தையும் கூட்டலாம், குறைக்கலாம். புளூடூத் வேண்டாம். சில செட்டுகளில் வாய் அசைந்த பிறகு பேச்சு வருகிறது, டப்பிங் படம் மாதிரி.

பாரோடு வந்த குட்டி ரிமோட்டை அன்றே பூட்டி வைத்துவிட்டேன். அதற்குள் இருப்பது காசு மாதிரி பட்டன் செல். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேரன் பேத்தி உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை. இதைப் படிப்பவர்கள் இப்போதே எழுந்து போய், வீட்டில் இருக்கும் குட்டி ரிமோட்டுகளின் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நல்லது. இன்னொன்று, செட்டிங்ஸில் 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் வெடிச்சத்தம் அடங்கும், முணுமுணுப்பு எழும். எங்கள் வீட்டில் பகலிலும் நைட் மோட்தான்.

இத்தனையும் செய்தபின் 38 என்பது 26 ஆனது. நான் மார்தட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். "அப்பா, அவன் எங்க உக்காந்திருக்கான்னு பாருங்க" என்றாள். பேரன் டி.வி.க்கு மூன்றடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யானை பார்த்துக்கொண்டிருந்தான். நான் பன்னிரண்டு அடியில். தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். பன்னிரண்டு ஆறாகி, ஆறு மூன்றாகிறது. திறந்தவெளிக் கணக்குப்படி 12 டெசிபல். நாலு சுவருக்குள் அவ்வளவு இருக்காது என்றாலும், எனக்குப் போதாத சத்தம் அவனுக்கு அதிகம். காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வாரம் 40 மணி நேரத்துக்குப் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 என்று வைத்திருக்கிறது. டி.வி. காதில் மாட்டுவதல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்கு நம்மைவிடக் குறைவாக வைக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறதே. இத்தனை நாள் என் செவிட்டுத்தனத்தை அவன் காதில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தீர்வு நான் வெட்கப்படும் அளவுக்குச் சுலபம். சாய்வு நாற்காலியை ஆறடி முன்னால் இழுத்தேன். அவன் பாயை என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். முன்னே போனால் யானையை நிறுத்திவிடுவேன் என்று சொல்லி வைத்தேன், இரண்டே நாளில் பழகிவிட்டான். சத்தம் இப்போது 15. செலவு ஒன்றுமில்லை. முதலில் நாற்காலியை இழுத்துப் பார்த்திருந்தால் 6,500 ரூபாய்கூட மிச்சமாகியிருக்குமோ என்று என் மனைவி கேட்கிறாள். பாதி நியாயம். சுவரிடம் பேசுகிற டி.வி.க்கு நாற்காலியை இழுத்து மட்டும் பயனில்லை என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் சவுண்ட்பாரை வாங்கிவிட்டுக் காது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் காதுக்கருவி வைக்கச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. "டி.வி.தான் நல்லாக் கேக்குதே" என்று தள்ளிப்போட்டு வந்தேன்.

பேரனுக்கு இப்போது மூன்றரை வயது. புதிதாக ரகசியம் சொல்லப் பழகியிருக்கிறான். போன வாரம் பாயிலிருந்து எழுந்து வந்து, என் காதில் வாயை வைத்து, கையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னான். மூச்சுக்காற்று சூடாகப் பட்டது. ஒரு எழுத்தும் புரியவில்லை. ரகசியத்துக்கு நைட் மோட் கிடையாது. "என்னடா கண்ணா?" என்றேன். திரும்பச் சொன்னான். அப்போதும் புரியவில்லை. "சரி சரி" என்று தலையாட்டினேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பக்கமாகச் சுற்றி வந்து இன்னொரு காதில் சொன்னான்.

வியாழக்கிழமை பத்தரைக்குக் காதுக்கருவிக்கு அளவெடுக்க வரச்சொல்லியிருக்கிறார்கள்.