நாடில்லாத ராஜாக்கள்

எங்கள் வகுப்பில் இரண்டு ராஜா, ஒரு ராணி, ஒரு இளவரசன். யாருக்கும் நாடு கிடையாது, கல்விக் கடன் மட்டும் உண்டு. "இன்னுமா ராஜ விசுவாசம்?" என்று இந்த மாதிரிப் பெயர்களைக் கிண்டல் செய்பவர்கள் இருக்கிறார்கள். இதில் விசுவாசமே இல்லை என்பது என் கட்சி.

ஒரு காலத்தில் இந்தச் சொற்கள் மேலிருந்து கிடைத்தவை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தச்சர் குஞ்சரமல்லனுக்கு 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்று பட்டம், கல்வெட்டிலேயே இருக்கிறது. பெரிய மரியாதைதான். ஆனால் பட்டத்தில் முதலாளி பெயர்தான் முன்னால் நிற்கிறது. வணிகவியல் மாணவனாகச் சொன்னால், நற்பெயர் முழுக்க நிறுவனத்தின் கணக்கில்!

ஊர்களுக்கும் இதே கதை. பொலன்னறுவையைப் பிடித்த சோழர்கள் அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். ஜனநாதன் என்பது ராஜராஜனின் பட்டம். 1070 வாக்கில் சோழர் ஆட்சி அங்கிருந்து போனது, பெயரும் கூடவே போனது. மாமல்லபுரம் பிழைத்துக்கொண்டது. ஆனால் முதலாம் நரசிம்மவர்மனின் 'மாமல்லன்' பட்டத்தை மறந்துவிட்டு, மகாபலிபுரம் என்று சொல்லி ஊரையே வேறொரு ராஜாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் ஜனங்கள். பெயர் வைப்பது மன்னன் வேலை. அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நம் இஷ்டம்.

போன நூற்றாண்டில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், தியாகராஜசுந்தரம் மாறன் ஆனார். செழியன், மாறன் இரண்டுமே பாண்டியர்களுக்கு உரியவை. அவர்களைப் பார்த்து வீட்டுக்கு வீடு வேந்தன், இளங்கோ, தமிழரசி. சுயமரியாதை பேசியவர்களுக்கு ராஜா பெயர் எதற்கு என்று கேட்கலாம். முரண்பாடுதான், மறுக்கவில்லை. (சிலப்பதிகாரத்தில் விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனும் ஒரு நெடுஞ்செழியன்தான்!)

ஆனால் இந்த முறை யாரும் கொடுக்கவில்லை, தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். பண்ணையார் எதிரில் தோளில் துண்டு போட முடியாமல் இருந்த ஒரு மனிதர், தன் மகனுக்கு வேந்தன் என்று பெயர் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அந்தப் பண்ணையாரே "டேய் வேந்தா" என்றுதானே கூப்பிட்டாக வேண்டும்? 'டேய்' போகவில்லை, சரி. ஆனாலும் இது சின்ன விஷயமா என்ன?

ஒரு மனக்குறை உண்டு. ராஜாக்கள் பெயரில் ஊர்கள் எத்தனையோ. ராணிகளுக்குத் தேடித்தான் பார்க்க வேண்டும். நாகை மாவட்டத்தில் செம்பியன்மாதேவி என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்டராதித்த சோழரின் மனைவி, பழைய செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக எடுத்துக் கட்டியவர். ஆனால் செம்பியன் என்றால் சோழன். அத்தனை கோயில் கட்டியவரும் ஊர்ப் பலகையில் 'சோழன் மனைவி'யாகத்தான் நிற்கிறார்.