‘தூங்கினாயா?’ என்று கேட்டால் போதுமா?



விழுப்புரத்தில் குடியிருந்து, திண்டிவனத்தில் ஓதிக் கொடுப்பவன் நான். காலைப் பாடத்தில் 15 வயது மாணவர் ஒருவர் நாள்தோறும் கண்ணயர்வார். “இரவு தூங்கினாயா?” என்று கேட்டேன். “தூங்கினேன், ஹஜ்ரத்” என்றார். சோம்பல் என்றே முடிவு கட்டி, எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்தேன்.

பின்னர் அவருடைய அத்தா என்னிடம் தனியே வந்து சொன்னார். பிள்ளை மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறார். பத்து மணிக்குப் படுத்தாலும் இரண்டு மணிக்கு மேல்தான் கண் மூடுகிறார்! அம்மாணவர் பொய்யுரைக்கவில்லை. மூன்று மணி நேரம் தூங்கியவரும் ‘தூங்கினேன்’ என்றுதானே சொல்வார்? பிழை என் கேள்வியில் இருந்தது.

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருப்பது போல், தூக்கமின்மையை அளக்கவும் கருவி உண்டு. கனடா நாட்டு உளவியல் அறிஞர் சார்ல்ஸ் மோரின் 1993-இல் வகுத்த வினாத்தாள் அவற்றுள் ஒன்று. அதில் ஏழே கேள்விகள். தூக்கம் வரத் தாமதமா, இடையில் கலைகிறதா, விடியுமுன் விழிப்பு வருகிறதா, தூக்கம் நிறைவளிக்கிறதா, பகல் வேலை கெடுகிறதா, பிறர் கண்ணுக்கும் அது தெரிகிறதா, அதுபற்றிய கவலை எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 28. பெரியவர்களுக்கு 15-ஐ எட்டினால் சிகிச்சை தேவைப்படும் நிலை எனக் கொள்வர். வளரிளம் பருவத்தினருக்கோ 9-ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும் என 2011-இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்று கண்டது.

ஆயினும் எண் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. பகற்சோர்வும் கவனக்குறைவும் மனச்சோர்வினாலும் வரும், மருந்துகளாலும் வரும். அவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் பணி. எனவே பெற்றோர் தாமாகவே மருந்தை நிறுத்துதல் கூடாது. ‘மனநோய் குணமானால் தூக்கம் தானே வரும்’ என்று வாளாவிருப்பதும் தவறு. தூக்கமின்மைக்கெனத் தனிச் சிகிச்சை உண்டு. உறக்கப் பழக்கங்களைச் சீராக்கும் பேச்சுவழிச் சிகிச்சையும் அதில் அடங்கும்.

தாய்மார்களே! பிள்ளையின் அறையில் விளக்கு அணைந்துவிட்டதனால் அவன் உறங்கிவிட்டான் என்று பொருளல்ல. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், இடையில் விழித்த தடவைகள், எழுந்த நேரம், பகல் தூக்கம் ஆகியவற்றைக் காலையில் பிள்ளையே எழுதட்டும். இரவில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இரண்டு வாரக் குறிப்பை, சிகிச்சை தரும் மருத்துவரிடமோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள்.

ஆனால், ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் காத்திராதீர்கள்! அன்றே மருத்துவரை நாடுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நிற்க வைத்த மாணவரிடம் அவ்வகுப்பிலேயே வருத்தம் தெரிவித்தேன். இப்போது, “எத்தனை மணிக்குத் தூங்கினாய்?” என்று கேட்கிறேன். உண்மையான விடை வருகிறது. நீங்களும் இன்றே உங்கள் பிள்ளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்களேன்!