யந்திரத்துக்கு ஏது ஜாதி?

என் தங்கை மகன் ஒருநாள் சாயங்காலம் வந்து, "மாமா, அம்மாவோட வளையலை அடகு வைக்கலாம்னு இருக்கேன்" என்றான். படிப்புக்கா, வைத்தியத்துக்கா என்று பதறிப்போய்க் கேட்டேன். இரண்டுக்கும் இல்லை, மாக் கம்ப்யூட்டர் வாங்கத்தானாம். வீட்டிலேயே பாட்டு அமைக்கிறவன் அவன். இருப்பது விண்டோஸ் யந்திரம். அதில் உருப்படியாய்ச் சங்கீதம் வராதென்று யாரோ ஒரு மேதாவி சொல்லிவிட்டாராம்.

மனிதருக்குள் ஜாதி பார்த்தது போதாதென்று யந்திரத்துக்குள்ளும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மேதாவியின் பேச்சில் உண்மையே இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. மாக்கில் ஒலிக்கு வேண்டிய ஏற்பாடு உள்ளேயே அமைந்திருக்கிறது. வாங்கிய அன்றே உட்கார்ந்து வாசிக்கலாம். விண்டோஸிலோ, ஒலிக்கருவிக்குரிய ஆசியோ டிரைவரைத் தேடிப் போட வேண்டும். போடாவிட்டால், கட்டையை அழுத்தினால் கடன்காரன் பதில் சொல்வதுபோல் தாமதித்துத்தான் சத்தம் வரும். வாஸ்தவம். ஆனால், ஒருநாள் அலைச்சலுக்கு ஒரு ஜோடி வளையலா விலை?

கணக்கைப் பாருங்கள். யந்திரம் ஒலியை விநாடிக்கு 44,100 துண்டுகளாக நறுக்குகிறது. 128 துண்டுகளாகச் சேர்த்து அனுப்பினால் தாமதம் ஏறக்குறைய 3 மில்லி விநாடி. அதற்குள் ஒலி காற்றில் ஒரு மீட்டர்தான் போகும். 1,024 துண்டுகள் என்றால் 23 மில்லி விநாடி. எட்டு மீட்டருக்கு அப்பால் நின்று கேட்பது போல. இந்தக் கணக்கு மாக்குக்கும் ஒன்றுதான். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒன்றுதான்.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. லாஜிக் என்ற இசை மென்பொருளை எமாஜிக் என்ற ஜெர்மன் கம்பெனி மாக்குக்கும் விண்டோஸுக்கும் சேர்த்தே செய்து வந்தது. 2002-ல் ஆப்பிள் அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. அதே வருஷம் விண்டோஸுக்கான லாஜிக் நின்றுபோயிற்று. அதில் பாட்டுக் கட்டியவர்கள் செய்த பாவம் என்ன? பாட்டைப் பெட்டியில் வைத்துச் சாவியைப் பிறரிடம் விட்டதுதான்.

"அதனால்தான் மாக் வாங்கச் சொல்கிறேன்" என்பார் மேதாவி. இல்லை ஐயா! நேற்று அந்தக் கதவை மூடியவர்கள் நாளைக்கு இந்தக் கதவையும் மூடலாம். பட்டவன் சொல்கிறேன். யூனிகோடு பரவாத நாளில் ஏதோ ஓர் எழுத்துருவில் நான் தட்டிவைத்த நாவல், இன்று திறந்தால் ஒரே கிறுக்கலாய்க் கிடக்கிறது. அச்சான புத்தகம் மட்டும் இல்லாவிட்டால் அந்த நாவலே போயிருக்கும்.

ஆகவே பையனிடம் சொன்னேன்: "யந்திரம் எதுவானாலும் சரி. மூன்றிலும் ஓடுகிற ரீப்பர் போன்ற ஒன்றைப் பழகு. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக வேவ் கோப்பாக எடுத்து வை. அதை எந்த யந்திரமும் திறக்கும். பணம் சேர்ந்தால் மாக் வாங்கு; வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால், அம்மா கையை வெறுங்கையாக்கித்தான் சரஸ்வதி வருவாள் என்று எவன் சொன்னாலும் நம்பாதே."

வளையல் தங்கையின் கையில்தான் இருக்கிறது. பையனுக்கு என்மேல் இன்னும் கோபம். இருக்கட்டும், அந்தக் கோபத்தையும் ஒரு பாட்டாகக் கட்டட்டும், இருக்கிற யந்திரத்திலேயே.