தண்ணீரில் இறங்கும் சக்கர நாற்காலி



கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிய கோடை விடுமுறைக் கட்டுரைகளில் நோயோடு வளரும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில், அவர்களை மனத்தில் வைத்தே 2010இல் திறந்தார்கள் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் பூங்காவை. நீச்சல் குளத்தில் மற்ற பிள்ளைகளோடு விளையாட ஆசைப்பட்ட மகள் மார்கனைவிட்டு அவர்கள் விலகிப்போனதைக் கண்ட கோர்டன் ஹார்ட்மன் என்ற தந்தை உருவாக்கியது அது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சக்கர நாற்காலியோடே ராட்டினத்தில் ஏறலாம்.

2017இல் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்காவும் வந்தது. பேட்டரி நாற்காலி நனைந்தால் பழுதாகிவிடும் அல்லவா? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் நாற்காலிகளை அங்கே கொண்டுவந்தார்கள். குளிர் தாங்காத குழந்தைகளுக்காகச் சில இடங்களில் தண்ணீரைச் சூடாக்கவும் வசதி உண்டு.

எல்லாப் பூங்காக்களும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு, வெயிலில் இன்சுலின் கெடாமல் வைக்க ஒரு குளிர்பெட்டி போதும். ஊசி போட்டுக்கொள்ள ஒரு மறைவான அறை போதும். சர்க்கரை இறங்கினால் கொடுக்கவென்று தாய் கொண்டுவரும் பிஸ்கட்டை வாயிலில் வாங்கி வைக்கக் கூடாது. வெளி உணவுக்குத் தடை விதிக்கும் நிர்வாகங்கள், மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டு என்பதையும் நுழைவுச்சீட்டிலேயே அச்சிடட்டும்.

– ஒரு வாசகர்